ஒரு ‘க்கு’ குறைகிறது

அழுது முடித்துவிட்டு எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். அழ வேண்டியது பாக்கி இருப்பவர்கள் நுனியில் உட்காருவார்கள். அன்று காலை பத்து மணிக்கு வந்த பெண்மணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் இருந்த துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரர் கார் மெக்கானிக், மேடம். சொந்தத் தங்கச்சியைத் தானே கொன்னுட்டதா போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கார்.”

மேடம் நோட்டைத் திறந்தார். எங்கள் மேடம் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரராக இருந்தவர். ஒருத்தர் வாயிலிருந்து வந்ததை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதியே பழகிய கை. அந்தப் பழக்கத்தை வைத்தே துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். பேச்சும் சுருக்கெழுத்துதான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற பொறுப்பு என்னுடையது. நான் முன்னாள் பஸ் கண்டக்டர்; ‘லொடலொட’ என்று பேர். நிஜப் பெயர் என் மனைவிக்கே மறந்துபோய்விட்டது.

“சொல்லுங்க,” என்றார் மேடம்.

அந்தப் பெண்மணி சொன்னது இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. மெக்கானிக்கின் தங்கையும் அவள் புருஷனும் காரில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். தூறல், பனி. ஒரு வளைவில் ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் மோதிவிட்டது. மோதியது இடது பக்கம். இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அங்கேயே முடிந்துவிட்டாள். ஓட்டிய புருஷனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

“முன் கண்ணாடி முழுக்க உள்ளே பனி படிஞ்சு மூடிக்கிச்சாம். ஹீட்டர் காத்து கண்ணாடிக்கு வரலையாம். ஒண்ணுமே தெரியலன்னு நாத்தனார் புருஷன் சொல்றார். அதுக்கு ஒம்பது நாளைக்கு முன்னாடி அந்த ஹீட்டரை ரிப்பேர் பண்ணினது இவர்தான். போலீஸ்ல பார்த்திருக்காங்க. குழாய் அறுந்து கிடக்குதாம்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?” என்றேன்.

“‘என் கை பிசகிடுச்சு’ன்னு மட்டும் சொல்றார். ஜாமீன்ல வந்து ஏழு நாளாச்சு. பட்டறைப் பக்கம் போகல. வாய்ல ஒரு பருக்கை வைக்கல. வர்ற திங்கக்கிழமை கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கப் போறாராம்.” பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. “ஜெயிலுக்குப் போனாக்கூடப் பரவாயில்ல மேடம், காத்திருப்பேன். இவர் அங்கேர்ந்து உயிரோட திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும்.”

அன்று வெள்ளிக்கிழமை.

“பையில என்ன?” என்றார் மேடம்.

“நாத்தனாரோடது. கார்ல கிடந்ததாம். அவ புருஷன்தான் கொண்டுவந்து கொடுத்தார். ‘அவ பொருள், உங்ககிட்டயே இருக்கட்டும்’னார்.”

உள்ளே ஒரு கைக்குட்டை, நாலைந்து நூல்கண்டு, ஒரு பெரிய துணிக் கத்தரிக்கோல். தங்கை தையல்காரி. மேடம் கத்தரிக்கோலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். அலகில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தார், பிசுபிசுத்தது.

“நல்லா வச்சுக்கத் தெரியலையே,” என்றேன் நான். வாய் சும்மா இருக்காது.

அந்தப் பெண்மணிக்கு அத்தனை நேரத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது. “அவளா? துணியைத் தவிர அதால எதையும் வெட்ட விடமாட்டா, சார். ஒரு தடவை நான் காகிதம் வெட்டிட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல.”

 மேடம் கத்தரிக்கோலைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்து, “இதைக் கழுவாதீங்க,” என்றார்.

மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாள் தாடி. எதிரே வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“வண்டியைப் பார்க்கணும்,” என்றார் மேடம். “நீங்க வந்து சொல்லணும்.”

“அதை நான் தொடமாட்டேன்.”

“தொட வேண்டாம். இவர் தொடுவார்.”

இவர் என்றால் நான். எனக்குக் காரில் தெரிந்த ஒரே உறுப்பு கதவு.

“எங்கே பிசகினீங்கன்னு சொல்லுங்க,” என்றார் மேடம்.

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். “பழைய வண்டி, மேடம். இப்ப வர்ற வண்டி மாதிரி காத்து போற வழியோட மூடியைத் திறந்து மூட மோட்டார் கிடையாது. இன்ஜின் காத்தை உறிஞ்சும்ல, அந்த உறிஞ்சலைத்தான் மெல்லிசு ரப்பர் குழாய் வழியா டேஷ்போர்டுக்குள்ள கொண்டுவருவாங்க. உள்ளே மூணு டப்பா. எந்த டப்பாவை உறிஞ்சுதோ அந்த மூடி அசையும். ஒண்ணு காலுக்குக் காத்து விடும், ஒண்ணு முகத்துக்கு, ஒண்ணு வெளிக்காத்தை உள்ளே எடுக்கும். குழாய்க்குக் குழாய் கலர் இருந்திருக்கும். இருபத்தெட்டு வருஷத்துல எல்லாம் ஒரே அழுக்குக் கலர். மாறிடக் கூடாதுன்னு தங்கச்சிகிட்ட நூல் வாங்கிக் கட்டினேன். காலுக்குச் சிவப்பு, முகத்துக்குப் பச்சை, வெளிக்காத்துக்கு மஞ்சள். அன்னைக்குச் சாயங்காலம் வெளிச்சம் வேற குறைஞ்சுபோச்சு. சிவப்பையும் மஞ்சளையும் மாத்தி மாட்டிட்டேன் போல. அப்படி மாட்டினா, லிவரைக் கண்ணாடிக்குத் தள்ளினாலும், வெளிக்காத்து டப்பாவுக்குப் போக வேண்டிய உறிஞ்சல் கால் டப்பாவுக்குப் போய், காத்து காலுக்குத்தான் போகும்.”

“மாத்தி மாட்டினது ஞாபகம் இருக்கா?”

“இல்ல. சரியா மாட்டினதும் ஞாபகம் இல்ல. அதான் மேடம் கொல்லுது.”

“அறுந்த குழாய் எதுன்னு போலீஸ்ல கேட்டீங்களா?”

“குழாய் சரியில்லன்னாங்க. எதுன்னு கேட்கத் தெம்பில்ல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்.”

மேடம் எழுந்தார். “வாங்க,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன சக்தி இருந்ததோ, மனிதர் டயரைவிட்டு எழுந்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பறிமுதல் வண்டிகள் வரிசையாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. கடைசியில், தார்ப்பாய்க்குக் கீழே அந்தக் கார். இன்ஸ்பெக்டர் எங்களுக்குப் பழக்கம். பழக்கம் என்றால், எங்களைப் பார்த்ததும் தலைவலி மாத்திரையைத் தேடுகிற அளவுக்கு.

“ரெண்டு மணிக்கு ஓனர் வந்து வண்டியை எடுத்துக்கப் போறார்,” என்றார். “பழைய இரும்புக் கடைக்குப் போகுது. லாரியும் சொல்லியாச்சு. அதுக்குள்ள முடிச்சுக்கங்க.”

மணி பன்னிரண்டே முக்கால். மேடம் தங்கையின் புருஷன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, குடையை விரித்து ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் காருக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் மனைவி பையோடு சுவரோரம். நான்தான் ஓட்டுநர் பக்கமாக நுழைந்து, காலை வெளியே நீட்டி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொடுத்து மல்லாந்தேன். இடது பக்கம் தகடு மொத்தமாக உள்ளே மடிந்திருந்தது. அவள் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது என் தலை. மடிந்த தகட்டுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு, கழற்றி வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்தது.  டார்ச்சைத் திருப்பிக்கொண்டேன்.

“லிவருக்குப் பின்னாடி மூணு குழாய் கிளம்பும்,” என்றார் மெக்கானிக், முதுகைத் திருப்பியபடியே. “மஞ்சள் நூல் கட்டினதைப் பிடிங்க. விரலை எடுக்காம அப்படியே தடவிட்டே போங்க. எங்கே போய் முடியுது?”

“வலது ஓரத்துல ஒரு கருப்பு டப்பா.”

“அதான் வெளிக்காத்து டப்பா. அதுலேர்ந்து புடுங்குங்க. வாயில வச்சு உறிஞ்சுங்க.”

“என்னது?”

“உறிஞ்சிட்டு நாக்கால அடைங்க. நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா லீக் இல்ல.”

பதினெட்டு வருஷம் பஸ்ஸில் எத்தனையோ நாற்றத்தை முகர்ந்திருக்கிறேன். ஆனால் ரப்பரின் ருசி அன்றுதான் தெரிந்தது. உறிஞ்சினேன். அடைத்தேன்.

“ஒட்டுதா?”

“ஒத்துது,” என்றேன். “ஒத்துதுங்க. வித மாத்தேங்குது.”

சுவரோரம் நின்ற பெண்மணிக்குச் சிரிப்பு வந்து, உடனே சிரித்ததற்காக முகம் வாடியது.

பச்சையும் சரி. முகத்துக்குப் போகிற டப்பாவில்தான் முடிந்தது. கடைசியில் சிவப்பு. அதன் டப்பா, மடிந்த தகட்டுக்குள் பாதி புதைந்திருந்தது. ஆனால் குழாய் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

“சிவப்பு காலுக்குத்தான் போயிருக்கு,” என்றேன். “டப்பாவைத் தகடு கவ்விப் பிடிச்சிருக்கு. அதுலேர்ந்து மூடிக்குப் போற கம்பியும் டப்பாவுக்குள்ளே இழுத்தபடியே மாட்டிக்கிட்டு நிக்குது. அசைச்சுப் பார்த்தேன், அசையல.”

கம்பியைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கேயே எழுந்து கத்தியிருப்பேன். தலையில் டேஷ்போர்டும் இடித்திருக்கும்.

மெக்கானிக் மெல்லத் திரும்பினார். “மூணும் சரியா இருக்கா?”

“நூலு மாறல. நீங்க பிசகல.”

“அப்ப அறுந்தது எது?”

அது அவருக்கே கேட்கத் தோன்றியது அன்றுதான். தொடமாட்டேன் என்ற மனிதர் முன்னால் போய், வளைந்த பானெட்டைத் தோளால் முட்டித் தூக்கினார். இடது பக்கம் கூழ். வலது பக்கம் அடிபடவே இல்லை. அங்கே, இன்ஜினிலிருந்து கிளம்பும் முதல் குழாய், கட்டைவிரல் தூரத்தில் இரண்டு துண்டாகத் தொங்கியது.

“இதுவா?” என்றார். “இது தாய்க் குழாய் மேடம். இன்ஜின்லேர்ந்து எல்லாத்துக்கும் உறிஞ்சல் போறதே இதுலதான். இதை நான் மாத்தவே இல்ல, நல்லா இருந்துச்சு. மாப்பிள்ளைகிட்டக்கூடக் காட்டிச் சொன்னேனே, இது மட்டும் கழண்டா காத்தெல்லாம் கண்ணாடிக்குப் போயிடும்னு...”

கல்மேல் இருந்த குடை அப்படியே நின்றது.

“திரும்பச் சொல்லுங்க,” என்றார் மேடம். “மெதுவா.”

“கழண்டா... காத்தெல்லாம்... கண்ணாடிக்குப் போயிடும்.”

மேடம் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். மடியிலிருந்த வாக்குமூலத்தைப் பார்த்தார். பிறகு அதைப் படித்தார்: “‘என் மைத்துனர் ஒரு குழாயைக் காட்டி, இது கழன்றால் கண்ணாடி போய்விடும் என்று என்னிடமே சொன்னார்.’ இதுக்குக் கீழே, ‘ஆம், சொன்னேன்’னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“சொன்னேன்தானே மேடம்?”

“இல்ல. ஒரு ‘க்கு’ குறையுது.”

எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. கண்ணாடிக்குப் போயிடும், கண்ணாடி போயிடும். முதலாவதில் காற்று கண்ணாடிக்கு வந்து சேர்கிறது. இரண்டாவதில் கண்ணாடியே கெட்டுப்போகிறது. தலைகீழ்.

“ஏன் கண்ணாடிக்குப் போகுது?” என்று கேட்டார் மேடம்.

“வண்டி செஞ்சவன் அப்படித்தான் வச்சிருக்கான். காலுக்குக் காத்து வேணும்னா உறிஞ்சல் வேணும். உறிஞ்சல் நின்னா ஸ்பிரிங் மூடியைத் திருப்பித் தள்ளிடும். காத்து பூராவும் கண்ணாடிக்குத்தான். எது கெட்டாலும் ஓட்டுறவன் கண்ணை மறைக்கக் கூடாதுல்ல...” சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். தாய்க் குழாய் அறுந்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும், மூடவே மூடாது. முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். பன்னிரண்டு நாளாகத் துக்கம் அதை மறைத்துவிட்டது.

“உங்க தங்கச்சி அன்னைக்கு எதுக்கு உங்க வீட்டுக்குக் கிளம்பினாங்க?” என்றார் மேடம்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார்.

“போலீஸ்ல இதைச் சொல்லல. செத்தவ பேரை எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன். அவ ஒரேயடியா வந்துடுறேன்னா மேடம். ‘இனிமே திரும்பிப் போகமாட்டேன் அண்ணா’ன்னா. மாப்பிள்ளையும் சரின்னுட்டார். நானே கொண்டுவந்து விடுறேன்னார். நாலு மணி நேரம் பிரயாணம். அவளுக்குக் குளிர்ல கால் மரத்துப்போகும், சின்ன வயசுலேர்ந்தே. அதுக்காகத்தான் அந்த ஹீட்டரையே சரி பண்ணினேன்.”

இரண்டு மணிக்குச் சரியாகத் தங்கையின் புருஷன் வந்தார். டியூஷன் சென்டர் நடத்துகிறவர். சட்டைக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் இஸ்திரி போட்டிருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும், “மச்சான், நீங்க எதுக்கு இங்கே வந்து உடம்பைக் கெடுத்துக்கிறீங்க? நான் உங்களைக் குத்தமே சொல்லலையே,” என்றார். குரலில் இருந்த கருணையைப் பார்த்து எனக்கே ஒரு விநாடி சந்தேகம் வந்துவிட்டது.

“கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை,” என்றார் மேடம், நோட்டைத் திறந்தபடி. “அன்னைக்குக் காலைல நடந்ததை ஒரு தடவை சொல்லிடுங்க. எனக்கு முழுசா எழுதி வச்சுக்கிற பழக்கம்.”

மாப்பிள்ளை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கவே, மாப்பிள்ளை சொன்னார். பனி, தூறல், வளைவு, லாரி. எல்லாம் வாக்குமூலத்தில் இருந்தபடியே, அதே வரிசையில்.

“ஹீட்டர் எப்போ போட்டீங்க?”

“வீட்டிலேர்ந்து கிளம்பினதுமே. சூட்டைக் காலுக்கு வைங்கன்னா. வச்சேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு. காலை நீட்டிட்டுத் தூங்கிட்டா.”

மேடத்தின் பென்சில் ஓடியது. “அப்புறம்?”

“வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணாடி மூடிக்கிச்சு. லிவரைக் கண்ணாடிக்குத் தள்ளினேன். காத்தே வரல. அந்த நேரம் பார்த்துதான் குழாய் அறுந்திருக்கணும். மச்சான் முன்னாடியே சொன்னார், அது போனா கண்ணாடி போயிடும்னு. நான்தான் கவனமா இருக்கல.”

“அவர் சொன்னது, கண்ணாடிக்குப் போயிடும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல,” என்றார் மேடம். காரணத்தை மெக்கானிக்கின் வார்த்தையிலேயே சொன்னார்.

இஸ்திரி லேசாகக் கசங்கியது. “எனக்கு மெக்கானிசம் தெரியாதுங்க. குழாய் அறுந்திருக்கு. அது நிஜம்தானே?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “மோதினப்ப அறுந்திருக்கலாமே? இவருக்கு முன்னாடி பின்னாடி குழம்பியிருக்கலாம்.”

“மோதினப்ப அறுந்திருந்தா, மோதற வரைக்கும் எல்லாம் நல்லா வேலை செஞ்சிருக்கு. அப்ப லிவரைத் தள்ளினா கண்ணாடிக்குக் காத்து வந்திருக்கணும்.” மேடம் என் பக்கம் திரும்பினார். “அந்தக் கம்பி எப்படி நிக்குதுன்னு சொன்னீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “உள்ளே இழுத்தபடி, மேடம். தகடு கவ்வியிருக்கு.”

மெக்கானிக் நகர்ந்து வந்து காருக்குள் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “காலுக்கு,” என்றார் உள்ளிருந்தே. “மூடி காலுக்குத் திறந்தபடியே மாட்டிக்கிட்டு நிக்குது. லிவர் மட்டும் கண்ணாடிப் பக்கம் தள்ளியிருக்கு. உறிஞ்சல் இருந்தாத்தான் கம்பி உள்ளே போகும். அறுந்திருந்தாலும் வெளியே வந்திருக்கும், லிவரைத் தள்ளியிருந்தாலும் வெளியே வந்திருக்கும்.”

“அதாவது, இடிச்ச நிமிஷத்துல குழாயும் அறுந்திருக்கல, இவர் லிவரையும் தொடல,” என்றேன். “ரெண்டும் அப்புறமா நடந்த கைங்கரியம்.”

“அப்புறம்னா எப்போ?” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் குரல் ஏற்கெனவே மாறிவிட்டது.

“உங்க பாரா ரிஜிஸ்டரைப் பாருங்க. மனைவியோட பையை எடுக்க இவர் எந்த நாள் வந்தார், வண்டியை ஆய்வு பண்ணினது எந்த நாள்னு.”

இன்ஸ்பெக்டருக்கு ரிஜிஸ்டர் தேவைப்படவில்லை. “மூணாம் நாள் வந்தார். ஆய்வு அஞ்சாம் நாள். கான்ஸ்டபிள் கூடவே போனானான்னு...” மேலே சொல்லவில்லை. போகவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மேடம் சுவரோரம் நின்ற பெண்மணியிடம் கையை நீட்டினார். பை வந்தது. கைக்குட்டையைப் பிரித்தார். துணியைத் தவிர எதையும் வெட்டாத கத்தரிக்கோல். அலகில் கருப்பாகப் பிசுபிசுப்பு. தொங்கிய குழாயின் அருகே கொண்டுபோனார். வெட்டுவாய் பிசிறு இல்லாமல் நேராக இருந்தது. கடைசி ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு படி, கத்தரி இரண்டாம் தடவை கடித்த இடம்.

“பையைத் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம்,” என்றார் மேடம்.

மாப்பிள்ளை அந்தக் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுவார், மறுப்பார், வக்கீலைக் கூப்பிடுவார் என்று நான் வழியை மறித்து நின்றேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. பேச்சில் மட்டும் இஸ்திரி போய்விட்டது.

“சரின்னுதான் கிளம்பினேன். கொண்டுவந்து விட்டுடலாம்னுதான். வண்டி ஏறினதும் செருப்பைக் கழட்டிட்டு, காலை நீட்டிட்டு, தூங்கினா பாருங்க ஒரு தூக்கம். பதினோரு வருஷத்துல எங்கூட இருக்கிறப்ப ஒருநாள் அவ அப்படித் தூங்கினதில்ல. என்னை விட்டுப் போறதுக்கு அவ்வளவு நிம்மதியா? லாரி தூரத்திலேயே தெரிஞ்சுது. கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சு.”

மெக்கானிக்கின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். நான் மெக்கானிக்கைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். காருக்குள் குனிந்தபோது எடுத்ததோ என்னவோ, அந்தக் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. யாராக இருந்தாலும் பாய்ந்திருப்பார்கள். எனக்கே பாய வேண்டும் போல இருந்தது.

அவர் பாயவில்லை. ஸ்பேனரைக் காரின் கூரைமேல் வைத்தார். கிட்டே வந்து நின்று, ஒன்றே ஒன்று கேட்டார்.

“சூடு வந்துச்சா மாப்பிள்ளை?”

 மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இழுத்துக்கொண்டு நடந்தார். ஸ்டேஷன் படி ஏறுகிறவரை மெக்கானிக் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

மேடம் நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் திருப்பினார். கோர்ட்டில் படித்துக் காட்டுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

“கேள்வி: வந்துச்சா? பதில்: வந்துச்சு. காலை நீட்டிட்டுத் தூங்கிட்டா.”

மெக்கானிக் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை ஆட்டினார். பிறகு அந்த ஈரத் தரையில், கார்ச் சக்கரத்தோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து, பன்னிரண்டு நாளாகப் பாக்கி இருந்ததை அழ ஆரம்பித்தார். அவர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மேடம் குடையை அவர்கள் இரண்டு பேருக்கும் மேலே பிடித்தார்.

வாசலில் இரும்புக் கடை லாரி வந்து ஹாரன் அடித்தது. திருப்பி அனுப்ப நான் போனேன். லாரி பின்னால் நகர இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷம் செய்த வேலை. “போலாம், ரைட்” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.  கையைத்தான் காட்டினேன்.